கையில புடிச்சு போட்டோ எடுத்தாச்சு, கால்ல ஏறல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மாவட்டப் பக்கத்துல, மாற்றுத்திறனாளி குழந்தைங்களுக்கு உபகரணம் குடுத்த போட்டோ போட்டிருந்தீங்க. அதுல அம்மா மடியில உக்காந்துட்டு ஒரு ஜோடி ஏ.எஃப்.ஓ.வ புடிச்சிருக்கறது எங்க பாப்பாதான். ஏ.எஃப்.ஓ.ன்னா முட்டிக்குக் கீழ இருந்து பாதம் வரைக்கும் போடற பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தா கட்டைவிரல் வெளிய நிக்குது. கேம்ப்ல அளவு எடுத்து ஆறு மாசம் ஆச்சு, அஞ்சு வயசுப் புள்ள அதுவரைக்கும் வளராமயா இருக்கும்?

ஏழு மாசத்துலயே பொறந்தவ, மூளை முடக்குவாதம், ரெண்டு காலும் இறுக்கம். நிக்க வெச்சா நுனிக்கால்லதான் நிப்பா, நடத்தினா கால் ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கும். எங்க பிசியோ மேடம் ஆரம்பத்துலயே சொன்னாங்க, மூளையில பட்ட அடி அதுக்கு மேல அதிகமாகாது, ஆனா எலும்பு வளர்ற வேகத்துக்கு இறுகின தசை நீளாது, அதனால புள்ள உயரமாக ஆக கெண்டைக்கால் இன்னும் இழுத்துக்கும், அப்படியே விட்டா குதிகால் தரையிலயே படாது, கடைசியில ஆபரேஷன்ல கொண்டு போய் விடும்னு. அதுக்குத்தான் தினம் ஸ்ட்ரெச்சிங், நீட்டி விட்ட தசை திரும்ப சுருங்காம புடிச்சு வைக்க ஸ்பிளிண்ட். சின்னதா போச்சுன்னா குதிகால் உள்ள உக்காராது, தோல் செவந்து புண்ணாயிடும், அவ அழுதுட்டே கழட்டி வீசிடுவா.

வட்டார வள மையத்துல வாரத்துக்கு ஒரு நாள் பிசியோ, ரெண்டு பஸ் மாறி தூக்கிட்டுப் போறோம். மிச்ச ஆறு நாளும் வீட்லதான். சோறு ஊட்டறது, டிவி பாக்கறது எல்லாமே அவ ஸ்டாண்டிங் பிரேம்ல, அதாவது புள்ளைய விழாம நிக்க வெச்சு தாங்கற சட்டத்துல, நிக்கறப்பதான் நடக்கும். அந்த பிரேம் எங்க தெரு ஆசாரி பழைய கட்டில் பலகையில செஞ்சது. மேடம் வரைஞ்சு குடுத்த பேப்பரை வெச்சுக்கிட்டு, திங்கக்கிழமை அளவு எடுத்தவரு வியாழக்கிழமை கொண்டாந்து வெச்சிட்டாரு, காசும் வாங்கல.

ஸ்பிளிண்ட் ஒண்ணும் ராக்கெட் இல்லீங்க. மாவுக்கட்டு போட்டு கால் அச்சு எடுத்து, பிளாஸ்டிக் ஷீட்டை சூடு பண்ணி அது மேல போத்தி வெட்டறாங்க. சென்னை பக்கம் முட்டுக்காட்டுல இருக்கற நிப்மெட்ல (மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம்) தெரபியும் இருக்கு, இதை செய்யற இடமும் அங்கயே இருக்கு. எங்களால அவ்வளவு தூரம் எத்தனை தடவை போக முடியும்? 2013-ல வந்த ஆர்.பி.எஸ்.கே.ங்கற குழந்தைங்க உடல்நலத் திட்டத்துல மாவட்டத்துக்கு ஒரு டி.இ.ஐ.சி. சென்டர், அதாவது குழந்தைங்க குறைபாட்டுக்கு ஆரம்பத்துலயே சிகிச்சை குடுக்கற இடம்னு சொல்றாங்களே, அங்க இதுக்கு ஒரு டெக்னீசியனும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பும் போட்டு, அளவு எடுத்த ரெண்டு வாரத்துல குடுத்தா போதும். பத்தாம போனா மறுநாளே கொண்டு போய் சூடு பண்ணி சரி பண்ணிக்கலாம். (மூளை முடக்குவாதம் மாதிரி பாதிப்பு இருக்கறவங்களுக்கான மத்திய அரசு நிரமயா இன்சூரன்ஸ்ல தெரபி செலவுக்கு பணம் வாங்கலாம்கறதே எங்களுக்கு நாலு வருஷம் கழிச்சு, இன்னொரு புள்ளையோட அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. தெரபிக்கு மட்டும் இல்ல, எல்லா வைத்தியச் செலவும் சேர்த்து மொத்தம் 1 லட்சம் வரைக்கும் உண்டாம். அதையும் பேப்பர்ல போடுங்க.)

உங்க போட்டோகிராபர் மேல எனக்கு கோவம் இல்ல. அடுத்த கேம்ப்புக்கு வரும்போது, கையில புடிக்கச் சொல்லாம கால்ல மாட்டி நிக்க வெச்சு எடுக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு அப்பா
(பேர் போட வேணாம்)