என் ஆய்வுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

மன்னார்குடி வட்டாரப் பெரியோர்களுக்கும், என் ஆசிரியர்களுக்கும், ஆய்வகத் தோழர்களுக்கும் வணக்கம்.

காந்தப் பொருள்கள் பற்றிய என் கட்டுரைகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதற்காக நம் ஊர்ப் பள்ளியில் நீங்கள் நடத்திய பாராட்டு விழாவில், நேரம் போதாமல் சொல்லாது விட்ட நன்றிகளை இம்மடலில் முறையாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

விழாவில் பேசியவர்கள், ஆய்வாளரின் மேற்கோள்களை அளக்கும் என் எச் குறியீட்டைப் (h-index) பெரிதும் புகழ்ந்தார்கள். ஹோர்ஹே ஹிர்ஷ் (Jorge Hirsch) என்ற இயற்பியலர் 2005-இல் வகுத்த அந்த அளவுகோலில் ஒருவருக்கு 30 என்றால், அவர் எழுதியவற்றுள் 30 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 30 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று பொருள். கட்டுரையின் முகப்பில் இருக்கும் பெயர்களுக்கே அந்தக் கணக்கு சேரும். இறுதியில் நன்றி கூறும் பத்தியில் வரும் பெயர்களை அது எண்ணுவதில்லை. என் கட்டுரைகள் மேற்கோள் பெற்றதில் அந்தப் பத்தியில் இருப்பவர்களின் பங்கு எத்தகையது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

காந்தப்புலத்தில் வைத்தால் சூடேறி, புலத்தை விலக்கினால் குளிரும் உலோகக் கலவைகளே என் ஆய்வுப் பொருள். 1997-இல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் பெச்சார்ஸ்கியும் க்ஷ்னைட்னரும், கடோலினியம், சிலிக்கான், ஜெர்மானியம் சேர்ந்த கலவையில் இவ்விளைவு மிகப் பெரிதாக இருப்பதைக் காட்டிய பிறகு, காந்தத்தால் இயங்கும் குளிர்பதனப் பெட்டி கைகூடும் என்ற நம்பிக்கையில் இத்துறை பெருகியது. துறை பெருகும்போது அதில் இருப்பவரின் மேற்கோள்களும் பெருகும் என்பதால், வேறு துறைக்காரரின் எண்ணோடு என் எண்ணை ஒப்பிடுவது முறையாகாது. விலை மிகுந்த கடோலினியத்தை விட்டு, இரும்பு மிகுந்த லாந்தனம்–இரும்பு–சிலிக்கான் கலவையின் பக்கம் என்னைத் திருப்பிவிட்ட என் நெறியாளருக்கு என் முதல் நன்றி.

அக்கலவையை ஆர்கான் வாயுவின் நடுவே மின்வில் உலையில் உருக்கி எடுத்தால், கட்டியில் தனி இரும்பு நிறையத் தங்கிவிடும். அதைக் கலவைக்குள் கலக்கச் செய்ய, காற்று நீக்கிய குவார்ட்ஸ் குழாயில் கட்டியை அடைத்து, ஏறத்தாழ 1,050 டிகிரி செல்சியஸில் நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டும். குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் காற்று புகுந்து கட்டி கெட்டுவிடும். எங்கள் ஆய்வகத்தின் கண்ணாடி வேலைக்காரர் ஐயா, சுடரில் குழாயைச் சுழற்றிச் சுழற்றி வாயைக் குறுக்கி ஒட்டி, ஆறியதும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மனம் நிறையாவிட்டால் அறுத்துவிட்டு மறுபடியும் ஒட்டுவார். இரும்பு தன் காந்தத்தன்மையை இழக்க 770 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆகவே மாதிரியில் தனி இரும்பு எஞ்சியிருந்தால், சூடேறிக் கலவையின் காந்தத்தன்மை மறைந்த பிறகும், வெப்பநிலைக்கேற்ப மாதிரியின் காந்தத்தன்மையைக் காட்டும் வரைகோடு அடிவரை இறங்காமல் மேலேயே நிற்கும். ஐயா அடைத்துக் கொடுத்த குழாய்களிலிருந்து வந்த மாதிரிகளில் அது அடிவரை இறங்கியது. பிற ஆய்வகங்கள் எங்கள் அளவீட்டு அட்டவணையை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டதற்கு இதுவே தலையாய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

மாதிரிகளின் காந்தத்தன்மையை அளக்கும் எங்கள் காந்தமானி, அதிலுள்ள மீக்கடத்திக் காந்தம் (மின்தடையின்றி மின்சாரம் ஓடும் சுருள்) 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருந்தால்தான் இயங்கும். பொங்கல் விடுமுறையிலும் ஊருக்குப் போகாமல் ஹீலியத்தை மீட்டு நிரப்பிக் கொடுத்த ஊழியர்களுக்கும், மும்பை டிராம்பேயின் துருவா ஆராய்ச்சி அணு உலையில் நியூட்ரான் சிதறல் அளவீடுகளுக்கு இடம் தந்தவர்களுக்கும் கடமைப்பட்டுள்ளேன். அளவீடுகளில் பெரும்பகுதி என் மாணவர்கள் இரவு கண்விழித்துச் செய்தவை. எங்கள் முடிவை மறுத்து எழுதியவர்களுக்கும் நன்றி; மறுப்பும் மேற்கோளாகவே எண்ணப்படுகிறது என்பது ஒருபுறமிருக்க, அவர்களால்தான் எங்கள் அளவீட்டு முறை செம்மையானது.

1854-இல் தொடங்கப்பட்ட கும்பகோணம் அரசுக் கல்லூரியில், முள்ளின் விலகலைக் கொண்டு காந்தத்தை அளக்கும் விலகு காந்தமானியை என் கையில் முதலில் கொடுத்த ஆய்வக உதவியாளரை நான் மறக்கவே இயலாது. "சாவிக்கொத்தை அந்தாண்ட வச்சிட்டு வா தம்பி, முள்ளு பொய் சொல்லும்" என்று சொல்லி, மேசையருகே இரும்புத்துண்டு ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே அளக்க விடுவார். வத்திராயிருப்பில் பிறந்து, டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை அளந்த இயற்பியலர் கே. எஸ். கிருஷ்ணனைப் பற்றி, தமிழ்வழி வகுப்பில் எங்களுக்குச் சொன்ன பள்ளி இயற்பியல் ஆசிரியருக்கும் என் வணக்கம்.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காமல் குறுவை பொய்த்த ஆண்டுகளிலும், சம்பா நெல்லை விற்று எனக்கு மணியார்டர் அனுப்பிய அண்ணனுக்கும், தன் நகையை அடகு வைத்த அண்ணிக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் அளித்த பொற்கிழியை, அவர்கள் இருவரின் பெயரால், பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்துக்கு ஒப்படைத்துவிட்டேன்.

நன்றியுடன்,
உங்கள் ஊர் இயற்பியல் பேராசிரியர் (ஓய்வு)