பாட்டிலில் தண்ணீர் இருக்கிறது, சுண்டெலிக்குக் கிடைக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளர்ப்புப் பிராணிகள் என்றால் நாய், பூனை, கிளி, மீன் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. சுண்டெலி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கூண்டையும் தீனியையும் பார்த்துப் பார்த்து வாங்கும் அவர்களில் பலர், தண்ணீர் பாட்டிலை மட்டும் கைக்குக் கிடைத்ததை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். காலியான பாட்டில் கண்ணில் பட்டுவிடும், உடனே நிரப்பிவிடுவோம். ஆபத்து, தண்ணீர் நிறைந்திருக்கும் பாட்டிலில்தான் இருக்கிறது. உள்ளே குழாய் அடைத்துக்கொண்டு சொட்டுத் தண்ணீர்கூட வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ குறை எதுவும் தெரியாது.

வளர்ந்த சுண்டெலியின் எடை 20 முதல் 40 கிராம். நாளொன்றுக்கு அது குடிப்பது ஏறத்தாழ 4 முதல் 6 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். அது ஒரு நாள் கிடைக்காமல் போனாலே உலர் தீனியைத் தின்பது குறைந்துவிடும். முதுகைக் கூனி உட்காரும், முடி சிலிர்த்து நிற்கும், கண் உள்வாங்கும். பிடரித் தோலை மெல்லத் தூக்கி விட்டால் உடனே படியாமல் மடிப்பாகவே நிற்கும். இந்த நிலையில் மருத்துவரிடம் கொண்டுபோவதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

தலைகீழாகத் தொங்கும் பாட்டிலில் தண்ணீர் கொட்டாமல் நிற்கக் காரணம், மேலே அடைபட்டிருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதுதான். குழாய் நுனியில் ஒரு சிறு எவர்சில்வர் குண்டு வாயை அடைத்தபடி இருக்கும். சுண்டெலி நாக்கால் அதைத் தள்ளும்போது ஒரு துளி இறங்குகிறது. இறங்கிய தண்ணீரின் இடத்துக்குக் குழாய் வழியே ஒரு குமிழி ஏறுகிறது. குமிழி ஏற முடியாவிட்டால் தண்ணீர் நின்றுவிடும். மூடியின் இடுக்கிலோ விரிசலிலோ காற்று நுழைந்தால் பாட்டில் முழுக்க ஒழுகித் தீரும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது குண்டு. முயலுக்கும் கினிப் பன்றிக்கும் செய்த பாட்டிலில் குண்டு பெரியது, கனமானது. அதைத் தள்ளச் சுண்டெலியின் நாக்குக்கு வலுவில்லை. குழாயின் வெளிவிட்டம் 6 முதல் 8 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. ஸ்பிரிங் வைத்து அழுத்தும் வகை வேண்டவே வேண்டாம். குழாயும் குண்டும் எவர்சில்வராக இருக்க வேண்டும். மட்டமான இரும்புக் குண்டு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் குழாயைச் சுண்டெலி கடித்துத் துளைத்துவிடும். மூடிக்குள் ரப்பர் வாஷர் சமமாகப் படிந்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். விரலால் அழுத்தினால் ஒடுங்கும் மெல்லிய பாட்டிலைத் தவிர்க்கவும், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அது தண்ணீரைப் பீய்ச்சும். கண்ணாடி பாட்டில் உத்தமம். அளவு 100 முதல் 150 மில்லி போதும்.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டையில் ‘சிறு பிராணிகளுக்கு’ என்று பொதுவாக அச்சிடுவதால் யாருக்கும் பயனில்லை. குழாயின் விட்டத்தையும், எந்தப் பிராணிக்கு என்பதையும் போட வேண்டும்.

வாங்கியதும் கூண்டில் மாட்டிவிடாதீர்கள். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, காலி டம்ளருக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிடுங்கள். முதலில் இரண்டு மூன்று சொட்டு விழுவது இயல்பு. அதன்பின் நின்றுவிட வேண்டும். மறுநாள் காலையில் டம்ளரில் தண்ணீர் சேர்ந்திருந்தால் வாஷரைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஒழுகினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கூண்டில் மாட்டிய பிறகு, சமையலறைத் தராசைப்போல நல்ல கருவி வேறில்லை. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். இரண்டு சுண்டெலி இருக்கும் கூண்டில் பாட்டிலின் எடை ஒரு நாளில் 8 முதல் 12 கிராம்வரை குறையும். 40 கிராம் குறைந்தால் ஒழுகுகிறது. எதுவுமே குறையவில்லை என்றால் அடைத்திருக்கிறது. கண்ணளவில் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. ஒழுகல் இல்லாமலேயே பல நாள் வழக்கத்துக்கு மிஞ்சிக் குடித்தால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நல்ல பாட்டிலையும் தவறாக மாட்டினால் கெட்டது. குழாய் நுனி மரத்தூளிலோ காகிதத் துண்டிலோ பட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். விடிவதற்குள் பாட்டில் காலியாகும், கூண்டுத் தரை சகதியாகும். சுண்டெலி இரவெல்லாம் மரத்தூளைக் குவித்துக்கொண்டே இருக்கும் என்பதால், மாலையில் இருந்த இடைவெளி காலையில் இருக்கும் என்று நம்ப முடியாது. நுனிக்கும் மரத்தூளுக்கும் 4, 5 சென்டிமீட்டர் விடுங்கள். குட்டிகள் இருந்தால், அவை தாய்ப்பால் மறக்கும் மூன்றாம் வாரத்துக்கு முன்பே இன்னொரு பாட்டிலைத் தாழ்வாக மாட்ட வேண்டும். வெயில் படும் ஜன்னலோரம் கூடாது. உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். பாதி காலியான பாட்டிலில் காற்று அதிகம், அதனால் ஒழுகலும் அதிகம்.

ஒரே பெரிய பாட்டிலைவிட இரண்டு சிறிய பாட்டில் மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒன்று அடைத்தால் மற்றொன்று காக்கும். கிண்ணத்தில் வைக்கலாமே என்பவர்கள் உண்டு. கிண்ணத்தை மரத்தூள் மூடிவிடும், எச்சமும் விழும், சிறு குட்டிகள் மூழ்கவும் கூடும். பாட்டிலுக்குப் பழகாத சுண்டெலிக்கு, கனமான சிறு பீங்கான் தட்டை உயரமான மேடையில் வைத்துச் சில நாள் கொடுக்கலாம்.

தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். பழைய தண்ணீரின் மேல் புதியதை ஊற்றுவது மாற்றுவதாகாது. உட்புறம் வழவழவென்று படியும் கிருமிப் படலத்தை வாரம் ஒருமுறை பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். குழாய்க்கென்று தனியாக மெல்லிய பிரஷ் தேவை. உப்புத் தண்ணீரால் குண்டைச் சுற்றி வெள்ளைப் படிவு கட்டியிருந்தால், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, வாசனை போகும்வரை அலசுங்கள். தண்ணீரில் சர்க்கரை, வைட்டமின் சொட்டு எதையும் கலக்காதீர்கள். படலம் இன்னும் வேகமாகக் கட்டும். ருசி பிடிக்காமல் சுண்டெலி குடிப்பதையும் குறைத்துவிடும்.

நிரப்பிக் கவிழ்த்த உடனே குழாய்க்குள் காற்று தங்கிவிடுவது உண்டு. சுத்தமான விரலால் குண்டை நாலைந்து முறை தட்டுங்கள். விரல் நனைந்து, உள்ளே குமிழி ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் கூண்டின் கதவை மூடலாம். பயணத்தின்போது குலுங்கிக் கொட்டும் என்பதால் பாட்டிலைக் கழற்றிவிட்டு வெள்ளரித் துண்டு போட்டு வையுங்கள், போய்ச் சேர்ந்ததும் பாட்டிலை மாட்டித் திரும்பவும் தட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
சுண்டெலி வளர்க்கும் வாசகர்கள்