சீயோன் மடத்தின் இருபத்தாறு தலைவர்கள்: ஒரு பிழைதிருத்தம் கோரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஐரோப்பாவின் இரகசிய வீரர் சபைகளைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. அதன் நடுவே கட்டம் கட்டி, இடைக்காலம் முதல் தொடர்ந்து வருவதாகச் சொல்லப்படும் ஓர் இரகசியச் சபையின் பெயரால் 'சீயோன் மடத்தின் பெருந்தலைவர்கள்' என்ற தலைப்பில், 1188 முதல் 1963 வரை இருபத்தாறு பெயர்களை ஆண்டுகளுடன் அச்சிட்டிருந்தீர்கள். கீழே பொடி எழுத்தில், 'ஆதாரம்: பாரிஸ் தேசிய நூலகத்தின் இரகசிய ஆவணங்கள்' என்ற குறிப்பும் இருந்தது. அந்தப் பட்டியல் இருபதாம் நூற்றாண்டில் புனையப்பட்டது என்ற ஒரு வரி கட்டுரையில் எங்கும் இல்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரையைப் படித்தவுடன் சிரித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். ஆனால், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதைப் பள்ளிக் கண்காட்சிக்காகச் சார்ட் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தாள். லியோனார்டோ டா வின்சியின் பெயருக்கு மட்டும் தங்க நிறப் பேனா. நியூட்டனுக்குப் பக்கத்தில் ஓர் ஆப்பிள். பேப்பரில் வந்த செய்தி என்பதால் அவளுக்கு ஐயம் எழவில்லை; எழாதது அவள் குற்றமும் இல்லை.

கூடத்துத் தரையில் அந்தச் சார்ட்டை விரித்து, பெயர்களுக்குப் பக்கத்தில் அவரவர் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள் என்று அவளே என்னிடம் சொன்னாள். ஒன்பதாவது பெயரிலேயே பென்சில் நின்றது. ஆஞ்சூ நாட்டு ரெனே 1418-இல் தலைமை ஏற்றதாகப் பட்டியல் சொல்கிறது. அவர் பிறந்தது 1409. ஒன்பது வயதுப் பையன் ஓர் இரகசியப் போர்வீரர் சபைக்குத் தலைவன்! மன்னர் குடும்பத்தில் அப்படியும் நடக்கும் என்று பேத்தி வாதாடினாள், சரி, விட்டுவிட்டேன். பதினான்காவது பெயர் இத்தாலியப் படைத்தலைவர் ஃபெர்ரான்தே கொன்சாகா. பட்டியலில் அவருடைய தலைமை 1575 வரை நீள்கிறது. அவர் இறந்தது 1557-இல். இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன போலும். அதன் விளைவாகச் செத்தவர் ஒருவர் பதினெட்டு ஆண்டுகள் சபையை நடத்தியிருக்கிறார். இருபத்தைந்தாவது பெயர் இசையமைப்பாளர் தெபுஸ்ஸி. விக்டர் ஹ்யூகோ இறந்த 1885-இல் அவரிடமிருந்து தலைமை இவருக்கு வந்ததாம். அந்த ஆண்டில் தெபுஸ்ஸி இருபத்திரண்டு வயது மாணவர். பிரெஞ்சு அரசின் பரிசு பெற்று ரோம் நகரத்து மெடிசி மாளிகைக்குத் தங்கப் போய், இடம் பிடிக்கவில்லை என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்.

நியூட்டனிடம் வந்தபோது பேத்தி விட்டுக்கொடுக்கவே இல்லை. இரசவாதம் பற்றியும் விவிலியக் காலக்கணக்கு பற்றியும் நியூட்டன் கட்டுக்கட்டாக எழுதி வைத்த தாள்கள் 1936-இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்தன என்றும், வெளியே சொல்லத் தயங்கிய எத்தனையோ எண்ணங்களைத் தாளில் எழுதி வைத்த அந்த மனிதர் முப்பத்தாறு ஆண்டுகள் தாம் தலைமை வகித்த சபையைப் பற்றி எழுதியதாக ஒரு வரியைக்கூட எவரும் காட்டியதில்லை என்றும் சொன்னேன். "இரகசியச் சபை என்றால் எழுதி வைக்கமாட்டார்கள் தாத்தா" என்றாள். நியாயமான மறுப்புதான். ஆனால், எதையுமே எழுதி வைக்காத சபைக்கு எழுநூற்றெழுபத்தைந்து ஆண்டுகளின் தலைவர் பட்டியல், ஆண்டு பிசகாமல், எங்கிருந்து வந்தது என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. தங்கள் கட்டுரையாளரிடமும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

உண்மையில் நடந்தது இதுதான். சீயோன் மடம் என்ற பெயரில் ஒரு சங்கம் 1956-ஆம் ஆண்டு மே மாதம், பிரான்ஸின் சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய சேன்-ஜூலியன் என்ற சிற்றூர் அரசு அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டது. பெயரில் உள்ள சீயோன் எருசலேமின் சீயோன் அன்று. அந்த வட்டாரத்தில் உள்ள ஒரு குன்று. நம் ஊரில் குடியிருப்போர் நலச்சங்கம் தொடங்கப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களைக் கேட்பார்கள் அல்லவா? அங்கும் கேட்டார்கள். தலைவர் என்ற இடத்தில் அந்த்ரே போனோம் என்பவரின் பெயர் இருந்தது. கதையின் சூத்திரதாரியான பியேர் பிளான்தார் பொதுச்செயலாளர். சங்கத்தின் இதழ் எழுதியது சிலுவைப் போரைப் பற்றியோ புனிதக் கிண்ணத்தைப் பற்றியோ அன்று. குறைந்த வாடகை அரசுக் குடியிருப்புகளில் வசிப்போரின் உரிமைகளைப் பற்றி. அந்தப் பணியைத் தொடர்ந்திருந்தால் நான்கு பேருக்கு நன்மையாவது விளைந்திருக்கும்.

தலைவர் பட்டியல் பிறகுதான் வருகிறது. 1967-இல் 'இரகசிய ஆவணங்கள்' என்ற தலைப்பில், தட்டச்சு செய்த தாள்களின் சிறு கட்டு ஒன்று, ஆசிரியர் பெயராக ஒரு புனைபெயரைத் தாங்கி, பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்டது. தலைவர்களை அதில் 'மீகாமன்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லால் குறித்திருக்கிறார்கள். சொல் அழகாகத்தான் இருக்கிறது. தங்கள் கட்டுரையாளர் 'தேசிய நூலகத்தில் உள்ளது' என்பதையே சான்றாகக் கொண்டுவிட்டார். எழும்பூரில் உள்ள நம் கன்னிமாரா நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. அங்கே சிலப்பதிகாரப் பதிப்பும் இருக்கும், கைரேகை சோதிடமும் இருக்கும், மாத நாவலும் இருக்கும். அலமாரியில் இடம் கொடுத்ததால் நூலகம் உள்ளடக்கத்துக்கு உறுதி கூறியதாக ஆகாது. தாள்களைச் சேர்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது என்பதுதான் அவர்களுடைய சாமர்த்தியம்.

பொய்ப் பட்டியல் பொய் என்பதற்கு நான் காணும் பெரிய அடையாளம் அதன் ஒழுங்கு. ஒருவரின் தலைமை முடியும் ஆண்டிலேயே அடுத்தவர் ஏறிவிடுகிறார். இடைவெளி இல்லை, போட்டி இல்லை, வழக்கு இல்லை. இதே கட்டுரையில் பேசப்படும் டெம்ப்ளர் வீரர் சபையோ மெய்யானது. 1119-ஐ ஒட்டி எருசலேமில் தோன்றி, 1312-இல் போப்பாண்டவரால் கலைக்கப்பட்டது. அதன் தலைமை எவ்வளவு கரடுமுரடாக இருந்தது என்று பாருங்கள். பெருந்தலைவர் ஜெரார் த ரிட்ஃபோர் 1187-இல் ஹத்தீன் போரில் சலாவுதீனிடம் சிறைப்பட்டு, விடுதலையாகி, 1189 அக்டோபரில் ஏக்கர் கோட்டை முற்றுகையில் உயிரிழந்தார். அடுத்த தலைவர் ரொபேர் த சாப்ளே பொறுப்பேற்க 1191 ஆயிற்று. ஓராண்டுக்கும் மேலாக நாற்காலி காலி. போலி ஆவணத்தை எழுதியவர்கள் ரிட்ஃபோரின் தோல்வியையும், 1188-இல் ஜிசோர் என்ற ஊரில் பிரெஞ்சு மன்னர் ஒரு முதிய எல்ம் மரத்தை வெட்டச் செய்த மெய்யான நிகழ்ச்சியையும் முடிச்சுப் போட்டு, அந்த மரத்தடியில்தான் சீயோன் மடம் டெம்ப்ளர்களிடமிருந்து பிரிந்தது என்று எழுதிவிட்டார்கள். மரம் மெய்; பிரிவினை பொய்.

அந்த வீரர் சபை தலைவரைத் தேர்ந்தெடுத்த முறையும் விதிநூலில் எழுதப்பட்டே இருக்கிறது. தேர்தலுக்கென ஒருவரை நியமித்து, அவருக்கு ஒரு துணைவரைச் சேர்த்து, அவ்விருவரும் இன்னும் இருவரைச் சேர்த்து, இப்படியே பன்னிரண்டு வரை வளர்த்து, பதின்மூன்றாவதாக ஒரு குருவைச் சேர்ப்பார்கள். பன்னிரு சீடர்களும் கிறிஸ்துவும் என்ற கணக்கு. அந்தப் பதின்மூவரில் எண்மர் உயர்நிலை வீரர்கள், நால்வர் அடுத்த நிலைப் படையினர். நிலத்தை விற்கவும் போர் தொடங்கவும் தலைவர் பேரவையைக் கேட்க வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையைப் படித்த நம் மாணவர்களுக்கு இது எவ்வளவு சுவையாக இருக்கும்! ஓலையைக் குடத்திலிருந்து எடுக்க ஏதும் அறியாச் சிறுவனை அழைத்த நம்மவர்களையும், ஒருவர் தேர்ந்தெடுத்தவர் இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கும் அவர்களையும் அருகருகே வைத்து ஒரு பக்கம் எழுதலாமே. தங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லை; டா வின்சியின் படம் மட்டும் கால் பக்கம்.

பட்டியலைக் கண்டு மயங்குவது ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று. இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்கும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகளையும், 89, 59, 49 அரசர்களையும் கணக்குச் சொல்கிறது. மூன்று ஆண்டுக் கணக்கும் 37-ஆல் மீதியின்றி வகுபடும். இதைக் கண்டுதான் அறிஞர்கள் அந்த எண்களை மரபுக் கணக்காகக் கொண்டார்கள். அதற்காகச் சங்கப் பாடல்களைப் பொய் என்று எவரும் தள்ளிவிடவில்லை. ஆதித்த கரிகாலன் கொலையையும் நினைத்துப் பார்க்கலாம். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலிய சகோதரர்களைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களும் உறவினரும் வைத்திருந்த நிலத்தைப் பற்றி முதலாம் இராசராசன் பிறப்பித்த ஆணையைக் கூறுகிறது. அவர்கள் ஏதோ ஓர் இரகசியப் படையின் தலைவர்கள் என்ற செய்தி அதில் இல்லை. நள்ளிரவுக் கூட்டமும் சபதமும் பின்னால் தொடர்கதையில் வந்தவை. நான் அந்தத் தொடர்கதையை ஐந்து முறை படித்தவன், ஆறாவது முறையும் படிப்பேன். கதையாசிரியர் கதை என்று சொல்லித் தந்தார். பிளான்தார் அப்படிச் சொல்லவில்லை; வேறுபாடு அதில்தான் இருக்கிறது.

கடைசியில் அவரே சொல்ல நேர்ந்தது. 1989-இல் பழைய பட்டியலைக் கைவிட்டு, மடம் 1681-இல் தொடங்கியதாக வேறொரு பட்டியலை வெளியிட்டார். அதில் தலைவர்களுள் ஒருவராக, அப்போது உயிரோடு இல்லாத பிரெஞ்சுத் தொழிலதிபர் ரொஜே-பத்ரீஸ் பெலாவின் பெயரையும் சேர்த்தார். பெலா ஒரு நிதி முறைகேட்டு வழக்கில் அடிபட்ட பெயர். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி தியெரி ழான்-பியேர் 1993-இல் பிளான்தாரை அழைத்து விசாரிக்க, எல்லாம் தம் கற்பனையே என்று அவர் உறுதிமொழியின் பேரில் ஒப்புக்கொண்டார். 2000-இல் இறந்தும் போனார். ஆக, தங்கள் ஞாயிறு இணைப்பு வரலாறாக அச்சிட்டிருப்பது, எழுதியவரே முதலில் கைவிட்டு, பிறகு பொய் என்றும் ஒப்புக்கொண்ட பட்டியல்.

வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில் திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். ஏழாம் பக்கத்தின் மூலையில் இரண்டு வரி 'வருந்துகிறோம்' போதாது. கட்டம் கட்டியதைத்தான் பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள்.

டெம்ப்ளர் தலைமையின் மெய்யான தொடர்ச்சி வேண்டுமென்றால், அதற்குப் பாரிஸுக்குப் போக வேண்டியதில்லை. போர்த்துகல் நாட்டில் டெம்ப்ளர்களின் உடைமைகள் 1319-இல் கிறிஸ்து சபை என்ற புதிய வீரர் சபைக்கு மாற்றப்பட்டன. கடலோடிகளை அனுப்பிய இளவரசர் என்ரிக் 1420 முதல் அதன் ஆட்சியாளர். 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமாவை அனுப்பிய மன்னர் மனுவேலும் அதன் தலைவரே. 1551 முதல் அந்தத் தலைமை போர்த்துகல் அரச முடியோடு நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டது. சபையும் மன்னரும் போப்பாண்டவர்களிடமிருந்து பெற்ற உரிமைகளின் வழியே, 1606-இல் அமைந்த மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு ஆயரை முன்மொழிவது இருபதாம் நூற்றாண்டு வரை போர்த்துகல் வசம் இருந்தது. 1952-இல்தான் மயிலாப்பூர், சென்னையோடு இணைந்து ஒரே உயர்மறைமாவட்டமாயிற்று. என் வீட்டிலிருந்து சாந்தோம் பேராலயத்துக்கு 12-பி பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம். கட்டுரையாளர் ஒரு மாலை வந்தால் நானும் உடன் வருகிறேன்.

பேத்தி சார்ட்டைக் கிழிக்கவில்லை. தலைப்பின் முன்னால் 'பொய்' என்று சிவப்பில் சேர்த்து, என் பென்சில் குறிப்புகளின் மேல் மையிட்டு, அதையே கண்காட்சியில் வைக்கப் போகிறாளாம். ஆப்பிளை மட்டும் அழிக்க மறுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மயிலாப்பூர், சென்னை.