தங்கைக்கு: 'பண்பாடு' என்று எழுதுமுன்

அன்புள்ள தங்கைக்கு,

மொழி, பண்பாடு, தகவல்தொடர்பு மூன்றையும் சேர்த்துப் படிக்கும் முதுகலையில் சேர்ந்திருக்கிறாய், ரொம்ப சந்தோஷம். உன் ஆய்வு முன்வரைவைப் படித்தேன். கேள்வி நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்கே பேச்சு தடுமாறினாலும் 'அவர்களுடைய பண்பாடு அப்படி' என்று எழுதி முடித்துவிடுகிறாய். ஆராய்ச்சி தொடங்கவேண்டிய இடமே அதுதான்.

மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் 1982-இல் எழுதிய நூலில் வரும் சம்பவத்தைப் பார். பிரிட்டனில் ஒரு விமான நிலையத்தின் ஊழியர் உணவகம். புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சிடுசிடுவென்று இருக்கிறார்கள் என்று மேற்பார்வையாளருக்கும் சாப்பிட வருகிறவர்களுக்கும் மனக்குறை, ஏன் தங்களை இப்படி நடத்துகிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குப் புரியவில்லை. பதிவு செய்து கேட்டபோது, பரிமாறிய பெண்கள் எல்லாரும் சொன்னது 'கிரேவி' என்ற ஒரே சொல்தான். உள்ளூர்ப் பெண்கள் குரலை ஏற்றி முடித்தார்கள், அது 'வேண்டுமா?' என்று காதில் விழுந்தது. இவர்கள் இறக்கி முடித்தார்கள். இவர்கள் வழக்கத்தில் அதுவும் கேள்விதான், ஆனால் எதிரே தட்டோடு நின்றவருக்கு 'இது கிரேவி' என்று வெடுக்கென்று சொன்னதுபோல் இருந்தது. பதிவைப் போட்டுக் காட்டிப் பேசிய பிறகுதான் இரண்டு தரப்புக்கும் விஷயம் பிடிபட்டது. பண்பாட்டு வேறுபாடு என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் அந்தக் குரல் இறக்கத்தை யாருமே கவனித்திருக்கமாட்டார்கள்!

அப்புறம், 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்டு வந்த ஆய்வையும் படி. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சராசரியாக 0.2 நொடி. ஜப்பானியம் வேகம், டேனிஷ் நிதானம். ஆனால் எந்த மொழியின் சராசரியும் பொதுச் சராசரியிலிருந்து சுமார் கால் நொடிக்கு மேல் விலகவில்லை. 'அந்த ஊர்க்காரர்கள் பேசவே மாட்டார்கள்' என்று எழுதத் தோன்றும்போது இந்தக் கால் நொடியை நினைத்துக்கொள்.

அதனால் கோட்பாட்டு அத்தியாயத்தை இப்போதைக்கு ஓரமாக வை. எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு பத்து நிமிடப் பேச்சைப் பதிவு செய்து, இடைவெளி, குரல் ஏற்ற இறக்கம், ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் நுழைவது எல்லாவற்றையும் குறித்து எழுது. அலுப்பான வேலைதான், ஒரு நாள் முழுக்கப் போய்விடும், ஆனாலும் நீயே செய், மென்பொருளிடம் கொடுத்துவிடாதே. எழுதியதும் பேசியவர்களுக்கே பதிவைப் போட்டுக் காட்டி, அந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேள். அவர்கள் சொல்வதும் நீ நினைத்ததும் ஒத்துப்போகாத இடங்களைத் தனியாகக் குறித்து எனக்கு அனுப்பு, அதை வைத்துக்கொண்டு முன்வரைவைத் திரும்ப எழுதலாம்.

அன்புடன்,
அண்ணன்