ஊசி போட்டும் கோவிட் வந்ததே என்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர், கோவிட் ஊசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது, போட்டவர்களும் இறந்தார்கள், அப்புறம் எதற்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எழுதியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே கேள்வியை என் அண்ணி பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணன் 2021 ஜூலையில் கோவிட்டில் இறந்தார். முதல் ஊசி போட்ட ஒன்பதாம் நாள் காய்ச்சல். இரண்டாவது ஊசிக்கு வரச்சொல்லி அரசாங்கத்தின் கோவிட் செயலியான மைசெஜாத்ராவில் தகவல் வந்தபோது அவர் மூச்சுக்கருவியில் இருந்தார். குறித்திருந்த தேதிக்கு மறுநாள் போய்விட்டார். பட்டர்வொர்த்திலேயே பிறந்து வளர்ந்த மனிதரின் உடல் வீட்டு வாசலுக்குக்கூட வரவில்லை. கோலாலம்பூரில் இருந்த மகனும் அப்போது தனிமையில் அடைபட்டுக் கிடந்தான். “நல்லா இருந்த மனுசனை ஊசி போட்டு அனுப்பிட்டீங்க” என்பார் அண்ணி. ஊசிக்கு அண்ணன் பெயரைப் பதிந்தவன் நான். காரில் ஏற்றிக்கொண்டு போனவனும் நான்.

நான் மருத்துவன் இல்லை. முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். அந்த ஜூலையின் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

மலேசியாவில் ஊசி போடத் தொடங்கியது 2021 பிப்ரவரி 24. முதலில் போட்டுக்கொண்டவர் அன்றைய பிரதமர் முஹிடின் யாசின். முன்களப் பணியாளர்கள் முதலில், ஏப்ரலிலிருந்து வயதானவர்களும் நாள்பட்ட நோய் உள்ளவர்களும், பிறகு மற்றவர்கள். வரிசை சரிதான், மருந்துதான் மெதுவாக வந்தது. ஜூலை தொடங்கும்போது இரண்டு ஊசியும் முடித்தவர்கள் நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவர்கூட இல்லை. வேகமாகப் பரவும் டெல்டா என்ற உருமாறிய கிருமியோ அதற்குள் ஊருக்குள் வந்துவிட்டது. ஊசி போட்டால் உடம்பு தயாராக இரண்டு வாரம் வேண்டும். அப்போதும் டெல்டா தொற்றைத் தடுக்க ஒரே ஊசிக்கு இருந்த பலம் பாதிக்கும் குறைவுதான். ஒன்பதாம் நாள் காய்ச்சல் என்றால் கிருமி நாலைந்து நாள் முன்பே உள்ளே போயிருக்கும். அண்ணி ஊசியைக் குற்றம் சொல்கிறார். நான் குற்றம் சொல்வது அது வந்த தேதியை. இன்னும் ஆறு வாரம் முன்னால் அந்த நாற்காலியில் அவரை உட்கார வைக்க முடிந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

ஆறு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், கோலாலம்பூரும் சிலாங்கூரும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஜூலைக் கடைசியில் அரசாங்கம் மருந்தை அங்கே குவித்தது. ஆகஸ்ட் 1க்குள் பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரு ஊசியாவது போட்டுவிட வேண்டும் என்று இரவும் பகலும் ஓடினார்கள். அந்த வாரங்களில் நாடு முழுவதும் ஒரே நாளில் போட்ட ஊசி 5 லட்சத்தைத் தாண்டியது. ஆகஸ்டில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் தொற்று எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. அதே ஆகஸ்டில் இங்கே பினாங்கில் அது ஏறிக்கொண்டிருந்தது. கெடாவிலும் ஜோகூரிலும் அப்படித்தான். ஒரே நாடு, ஒரே கிருமி. மருந்து எங்கே முன்னால் போனதோ அங்கே அலை முன்னால் வடிந்தது. நாடு முழுவதற்குமான உச்சம் ஆகஸ்ட் 26, ஒரே நாளில் 24,599 பேர். பினாங்குக்காரனாக இதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, மறைக்கவில்லை.

இனி வாசகரின் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். இறந்தவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள் என்று ஒரு கட்டத்தில் செய்தி வந்தது, ஆகவே ஊசி வீண் என்கிறார். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்கு மாதிரி சொல்கிறேன், எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், 10,000 பெரியவர்கள். 9,500 பேர் ஊசி போட்டவர்கள், 500 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் 50 பேருக்கு ஒருவர் இறக்கிறார், போட்டவர்களில் 500 பேருக்கு ஒருவர். போடாதவர்களில் சாவு 10. போட்டவர்களில் 19. மொத்தம் 29 பேரில் 19 பேர் ஊசி போட்டவர்கள். பேப்பரில் ‘மூன்றில் இரண்டு பங்கு ஊசி போட்டவர்களே’ என்று தலைப்பு வரும், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தத் தாமானில் ஒருவருமே ஊசி போடாமல் இருந்திருந்தால் இறந்திருப்பது 200 பேர். மீதி 171 பேர் வழக்கம்போல் பசாருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தாம் பிழைத்தது அவர்களுக்கே தெரியாது, அதனால் அவர்களைப் பற்றிச் செய்தியும் வராது.

உண்மையான எண்கள் வேண்டுமா? 2021 தொடங்கும்போது மலேசியாவில் கோவிட் மரணம் மொத்தமே 500க்குள். அந்த வருடம் முடியும்போது 31,000க்கு மேல். தொற்று கண்டவர்கள் அந்த ஒரு வருடத்தில் சுமார் 26 லட்சம். அடுத்த மூன்று மாதத்தில் ஒமிக்ரான் என்ற அடுத்த உருமாறிய கிருமி அடித்தது. 2022 மார்ச் 5 அன்று 33,406 பேர், டெல்டாவின் உச்சத்தை விடவும் அதிகம். மூன்றே மாதத்தில் 14 லட்சம் பேருக்குத் தொற்று, இறந்தவர்கள் சுமார் 3,500. அதாவது முந்தைய வருடம் 100 நோயாளிக்கு ஒருவருக்கு மேல் இறந்தார், இப்போது 400 பேருக்கு ஒருவர். முழுப் பெருமையும் ஊசிக்கு என்று சொல்லமாட்டேன். ஒமிக்ரானே டெல்டாவை விடக் கொஞ்சம் சாது, பலருக்கு முன்பே ஒருமுறை வந்தும் போயிருந்தது. ஆனால் 2021 அக்டோபரிலேயே பெரியவர்களில் 90 விழுக்காடு ஊசி முடித்திருந்ததை விட்டுவிட்டு இந்த இறக்கத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாது. அந்த 90 விழுக்காட்டை எட்டிய பிறகுதான் அக்டோபர் 11 அன்று மாநில எல்லைகளைத் திறந்தார்கள். அண்ணன் மகன் அம்மாவைப் பார்க்க வந்தது அன்றைக்குத்தான். ஊசி இல்லாமல் நோயை அடக்க நமக்கிருந்த இன்னொரு வழி கதவைப் பூட்டுவது. 2020 மார்ச் 18லிருந்து அதைச் செய்து பார்த்தோம், 2021 நடுவில் சாப்பாட்டுக்கு உதவி கேட்டு வீட்டு வாசல்களில் வெள்ளைக்கொடி தொங்கியதில் வந்து நின்றது.

வாசகர் பக்கம் நியாயம் இருக்கும் இடமும் உண்டு. ஆரம்பத்தில் நமக்குச் சொன்னது என்ன? 80 விழுக்காட்டினர் போட்டுக்கொண்டால் கூட்டு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும், கிருமிக்குப் போக இடம் இருக்காது என்று. அது நடக்கவில்லை. கிருமி வேகமாகப் பரவும் உருவுக்கு மாறிக்கொண்டே போனது, தொற்றைத் தடுக்கும் சக்தி சில மாதத்தில் குறைந்தது. உயிரைக் காக்கும் சக்திதான் நீண்ட நாள் நின்றது. இதை முதலிலேயே பிரித்துச் சொல்லியிருந்தால் இன்று ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்ற பேச்சு இவ்வளவு வந்திருக்காது. பக்கவிளைவுகளும் கற்பனை இல்லை. அஸ்ட்ராஸெனெகாவில் மிக அரிதாக ரத்தம் உறைந்தது, ஃபைசரில் இளைஞர்கள் சிலருக்கு இதயத் தசை வீங்கியது. அந்தப் பயத்தில்தான் அஸ்ட்ராஸெனெகாவைப் பொது வரிசையிலிருந்து எடுத்து, விரும்பியவர்களுக்கு மட்டும் என்று தனியாகத் திறந்தார்கள். சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் ஒதுக்கிய 268,800 இடங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்தன! நம் மக்களின் பயத்தை யாரால் கணிக்க முடியும்.

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த என் அம்மாவின் கையில் அம்மை குத்திய தழும்பு இருந்தது. தோட்டத்து டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) வரும் நாளில் பிள்ளைகள் ரப்பர் மரங்களுக்குள் ஓடி ஒளிவார்களாம். வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் ‘அம்மா வந்திருக்கா’ என்று வேப்பிலை கட்டுவார்கள். அந்தப் பெரியம்மை இயற்கையாகக் கடைசியாக ஒருவரைத் தொற்றியது 1977இல் சோமாலியாவில். 1980இல் உலகிலேயே இல்லை என்று அறிவித்தார்கள். அதைப்போல் கோவிட்டை ஏன் ஒழிக்கவில்லை என்று அண்ணி கேட்பார். பெரியம்மை முகத்தில் தெரிந்த பிறகுதான் நன்றாகப் பரவும், விலங்குகளிடம் பதுங்காது. ஆளைக் கண்டுபிடித்துச் சுற்றியிருப்பவர்களுக்குக் குத்திவிட்டால் வழி அடைந்துவிடும். கோவிட் இருமல் வரும் முன்பே அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறது.

எனக்கு இப்போது கவலை கோவிட் இல்லை. கோவிட் ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் ஓடிய பேச்சு குழந்தை ஊசிக்குத் தாவியிருக்கிறது. 2000இல் போலியோ இல்லாத நாடு என்று பெயர் வாங்கிய நமக்கு, 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ வந்தது, 27 வருடத்துக்குப் பிறகு. தட்டம்மை இன்னும் மோசம், ஒரு குழந்தையிடமிருந்து பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் பரவக்கூடியது. அதைத் தடுக்க 95 விழுக்காட்டினர் போட்டுக்கொண்டே ஆக வேண்டும், 90 போதாது. அண்ணன் பேத்திக்கு எட்டு மாதம். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று அரசாங்கக் கிளினிக்கில் எந்த வயதில் எந்த ஊசி போடுகிறார்கள் என்ற அட்டவணையை, எந்த நோய்க்கு எது என்ற விளக்கத்தோடு, ஒரு கட்டம் போட்டு ஞாயிறு பதிப்பில் தமிழில் வெளியிடுங்கள். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். என் அண்ணி நான் சொன்னால் கேட்கமாட்டார், ஆனால் பேப்பரில் வந்ததை வெட்டி சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் உள்ளவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு