சாவி வாங்க முன்னம் வண்டியை மோந்து பார், மகன்

அன்பு மகன்,

கோணேசர் அருளால் நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. நீ ட்ரக் லைசென்ஸ் எடுத்த செய்தி வந்த அன்றைக்கே பத்திரகாளி அம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தா.

கனடாவில் இருந்து விண்ட்சர் பாலம் கடந்து அமெரிக்காவில் டெட்ரோயிட்டுக்கு லோட் கொண்டுபோகப் போகிறாய் என்று கேட்டதில் இருந்து எனக்கு ஒரே யோசனை. பனிக்கோ நீள ரோட்டுக்கோ நான் பயப்படவில்லை. நீ ஏறப்போகிற வண்டியை நேற்றுவரை யார் ஓட்டினான் என்பதுதான் என் பயம். நான் பட்டவன், அதனால் எழுதுகிறேன்.

நீ ஆறாம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் விடியப்புறம் வராமல் மத்தியானம் வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா? லொறி பழுது என்று உங்களுக்குச் சொன்னேன். அது பொய். கொழும்புக்குக் கருவாடு ஏற்றிக்கொண்டு கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும்போது இரவு பொலிஸ் மறித்தது. கூட ஒரு நாய். பின்னால் பெட்டி முட்டச் சுறாவும் நெத்தலியும். "இந்த நாற்றத்துக்குள்ள நாய்க்கு என்ன பிடிபடும்" என்று கிளீனர் பொடியன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாயோடு வந்தவர் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். பிறகு காற்று வந்து விழுகிற பக்கமாக நாயை விட்டார். கருவாட்டை அது திரும்பியும் பார்க்கவில்லை. ரயர் மேல்மூடி, டீசல் டாங்கி, கதவு இடுக்கு என்று மூக்கை உரசிக்கொண்டு போனது. கிளீனர் பக்கக் கதவின் அடி றப்பரில் வந்ததும் நின்றது. அதுவரை வாய் திறந்து மூச்சு இளைத்துக்கொண்டிருந்த நாய் வாயை மூடிச் சுர் சுர் என்று இழுத்தது. வால் விறைத்தது. பிறகு அப்படியே குந்தி, அவருடைய முகத்தைப் பார்த்தது. குரைக்கவும் இல்லை, பிறாண்டவும் இல்லை.

கட்டுக் கட்டாகக் கருவாட்டை இறக்கினார்கள், சீட்டைக் கழற்றினார்கள். ஒன்றும் இல்லை. விடியும்வரை ரோட்டில் நின்றேன். சந்தைக்குப் போய்ச் சேர விலை விழுந்துவிட்டது. அதற்கு முதல் இரண்டு நாள் என் லொறியைத் தெரிந்த ஒருவன் இரவல் வாங்கிப் போயிருந்தான். என்ன ஏற்றினான் என்று நான் கேட்கவில்லை. சாமான் இறங்கிப் போய்விட்டது, வாசம் என்னோடு வந்தது.

நாயில் பிழை இல்லை, மகன். கருவாடு காயவைக்கிற வாடியில் நூறு கட்டுக்குள் ஒரு கட்டு ஈரம் பிடித்திருந்தாலும் எனக்கு மூக்கில் தெரியும், அந்த மூக்கில்தான் உங்களை வளர்த்தேன். ஆனால் நமக்கு மணம் பிடிக்கிற உணரிகள் 50, 60 இலட்சம்தான், சில நாய்களுக்கு 30 கோடி வரை என்கிறார்கள். மோப்பம் பிடிக்கும்போது வினாடிக்கு நாலைந்து தரம் இழுக்குமாம். விடுகிற மூச்சு மூக்கின் பக்கக் கீற்றால் போவதால் உள்ளே வருகிற வாசம் கலையாது. கண்டி அஸ்கிரியவில் பொலிஸ் நாய்ப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இப்போது எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார், அவர்தான் இதெல்லாம் விளங்கப்படுத்தினார். நாய் தூளைத் தேடுவதில்லை, அதில் இருந்து ஆவியாகிற வாசத்தைத் தேடுகிறது. ஹெரோயினில் வினாகிரி வாசம், கொக்கெயினில் மெதைல் பென்சோயேற் என்று ஒன்று. பொலித்தீன் சுற்றினாலும் நாள்போக்கில் கசியும். பொதி பண்ணிய கையே கதவுப் பிடியிலும் சீட்டிலும் படும். கோப்பித்தூளும் மிளகும் கொட்டி மறைக்கலாம் என்பது வீண்கதை, நாய் அதை அதாகவும் இதை இதாகவும் பிரித்துப் பிடிக்கும்.

நாயைக் கூட்டிப் போகிறவரின் மனமும் இதில் இருக்கிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்குக் கலிபோர்னியாவில் 18 சோடி நாய்களையும் ஆட்களையும் வைத்துப் பார்த்தார்கள். அந்த இடத்தில் போதைப்பொருளோ வெடிமருந்தோ துளிகூட வைக்கவில்லை, ஆனால் இருக்கலாம் என்று ஆட்களுக்குச் சொல்லிவைத்தார்கள். 225 தரம் "இருக்கிறது" என்று பதில் வந்தது. ஆகவே உன்னைப் பார்த்து ஒருவர் சந்தேகப்படும்படி பதறாதே. கேட்டதற்கு நேராகப் பதில் சொல், இறங்கச் சொன்னால் இறங்கி நில், நாயைத் தொடாதே.

உங்கள் கனடாவில் 2018 ஒக்டோபரில் இருந்து கஞ்சா சட்டப்படி விற்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் பயம். யாரோ ஒரு டிரைவர் லீவு நாளில் வண்டிக்குள் இருந்து புகைப்பான், அவனுக்கு அது குற்றமில்லை. எல்லையில் கதை வேறு, துளி கொண்டு கடந்தாலும் குற்றம். அங்கே வண்டியைச் சோதிக்க அவர்களுக்குச் சந்தேகம்கூடத் தேவையில்லை. அமெரிக்காவுக்கு உள்ளே ரோட்டில் மறித்தால் கொஞ்சம் வித்தியாசம்: டிக்கட் எழுதி முடிந்த பிறகு, நியாயமான சந்தேகம் இல்லாமல், நாய் வரட்டும் என்று மறித்து வைக்கக் கூடாது என்று 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது.

மகன், சாவி வாங்க முன்னம் கதவை ஐந்து நிமிசம் சாத்தி வைத்துவிட்டுத் திற. உள்ளே இருந்து வருகிற முதல் மூச்சை மணந்து பார். படுக்கைப் பலகையின் கீழ், கால்மிதி, சாமான் தட்டு எல்லாம் கையால் தடவிப் பார். மனதுக்குப் பிடிக்காவிட்டால் ஓட்டமாட்டேன் என்று எழுத்தில் கொடு, ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும். தெரிந்த ஆக்கள், ஊர் ஆக்கள் என்று யாராவது ஒரு சின்னப் பார்சல் தந்தாலும் வாங்காதே. மாமாவின் பெயரைச் சொன்னாலும் வாங்காதே.

முதல் நாள் வண்டிக்குள் படம் எடுத்து எனக்கு அனுப்பு. உன் முகம் மட்டும் போதாது, சீட்டுக்குக் கீழ் இருக்கிறதும் தெரியவேணும். அம்மா நெத்தலிக் கருவாடு அனுப்பக் கேட்கிறா, நான்தான் வேண்டாம் என்று நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா