அந்த முருங்கைக்கீரைக் காலை

மடிப்பாக்கம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சரவணா,

நீ அனுப்பிய நாடகத்தை நேற்றே படித்து முடித்துவிட்டேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிப் பத்து நாள் ஆகிறது. சொட்டு மருந்து விடுகிற வேலை என்னுடையது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து படித்தேன். பேப்பரில் பொடி எழுத்துகூடத் தெரிகிறது என்று சொந்தக்காரர்களை எல்லாம் போன் போட்டுக் கூப்பிட்டுச் சொல்கிறாள் அம்மா. உன் மகள் சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். படிக்கட்டும் மாப்ள, குறுக்கே நிற்காதே.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். பழகிய பெண் பையனை விடாமல் துரத்துகிறாள், அவன் ஊரெல்லாம் ஒளிகிறான். டவுன் பஸ்ஸில் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் சீட்டில் உட்காருகிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் பாதிக்கு மேல் என்னால் சிரிக்க முடியவில்லை. நான் பழகிய பெண்ணை ஏன் பிரிந்தேன் என்று 2019-ல் நீ என்னைக் கேட்டபோது "செட் ஆகலடா" என்று ஒரே வார்த்தையில் முடித்தேன், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். உன் நாடகத்துக்கு அது தேவைப்படும்.

முதல் இரண்டு மாதம் அப்படி ஒரு சந்தோஷம். தினமும் மதியம் ஒரு மணிக்கு "சாப்பிட்டியா?" என்று மெசேஜ் வரும். ஹாஸ்டல் சோறு, மெஸ் சோறு என்று பதினைந்து வருஷம் தின்றவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். அப்புறம் சாப்பாடே வர ஆரம்பித்தது, மூன்றடுக்குத் தூக்கில். அடித்தட்டில் எப்போதும் மாதுளை முத்து போட்ட தயிர்சாதம்.

ஒருநாள் ஆபீஸில் ஒருவருக்கு பிரிவு விருந்து. அங்கேயே சாப்பிட்டுவிட்டு, தூக்கைத் திறக்காமல் சாயங்காலம் திருப்பிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பார்க் பெஞ்சில் உட்கார்ந்து தட்டு தட்டாகப் பிரித்து, புளித்துப்போன தயிர்சாதம் வரைக்கும் ஒரு பருக்கை விடாமல் தானே சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிடக் கண்ணீர் வழிந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கப்புறம் வெளியில் யாரோடு சாப்பிட்டாலும் அந்தத் தூக்கையும் காலி செய்துவிட்டுத்தான் கொடுப்பேன். இரண்டு சாப்பாடு. இதை மேடையில் போட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள், எனக்குத் தெரியும். சிரிக்கட்டும். ஆனால் அந்தப் பெஞ்சிலேயே நாடகம் இருட்டிவிட்டது என்பது எழுதுகிற உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன் பாஸ்வேர்டு, எங்கே இருக்கிறேன் என்று காட்டும் லொகேஷன் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கைக்குப் போயின. இரவு இரண்டு மணிக்கு நான் 'ஆன்லைன்' என்று காட்டினால், அவளை நினைத்துத் தூங்காமல் கிடக்கிறேன் என்று எடுத்துக்கொள்வாள். காட்டாவிட்டால், வேறு யாருக்காகவோ மறைக்கிறேன்.

பிறகொரு நாள் ஒரு செய்தி படித்தேன். கிளெராம்போ என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் 1921-ல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தன்னைக் காதலிப்பதாக நம்பியவள். பக்கிங்ஹாம் அரண்மனை ஜன்னலில் திரைச்சீலை அசைந்தால் அது தனக்குத் தரும் ஜாடை என்பாளாம். முன்பின் பேசியிராத ஒருவர் தன்னைக் காதலிப்பதாக நம்புகிற நோய் அது. எங்கள் கதை அது இல்லை, நாங்கள் நிஜமாகவே பழகினோம். ஆனாலும் அந்தத் திரைச்சீலை என்னை விடவில்லை. அவள் அனுப்பிய மெசேஜை நான் படித்ததும் வாட்ஸ்அப்பில் அவளுக்குத் தெரிகிற இரண்டு நீல டிக் அவளுக்கு அதுதான்.

ஆறாவது மாதம் போதும் என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு மட்டும் 63 மிஸ்டு கால். செத்துப்போவேன் என்றாள், ஓடினேன். மறுநாளும் சொன்னாள், ஓடினேன். மூன்றாம் நாள் ராத்திரி ஷிப்ட் முடிந்து விடிகாலை வீட்டுக்கு வந்தால், கூடத்தில் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு அம்மாவும் அவளும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். காம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் இலையை உருவுகிறாள். அம்மா முகமெல்லாம் சிரிப்பு. "தங்கமான பொண்ணுடா, ஏன் சொல்லவே இல்ல?" அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "காபி போடட்டுமா?" என்றாள்.

கத்தி இல்லை, சத்தம் இல்லை. என் கால் நடுங்கிற்று மாப்ள.

யாரிடம் சொல்ல? ஆபீஸில் சொன்னேன், "கொடுத்து வச்சவன்டா" என்றார்கள். போலீஸில் பெரியவர் ஒருவர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார், அப்புறம் அவரும் சிரித்தார். பின்தொடர்வது 2013-ல்தான் தனிக்குற்றமாகி இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு வந்தது. 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ம் பிரிவு. இரண்டிலும் பின்தொடர்பவர் ஆண், பாதிக்கப்படுபவர் பெண். அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில், காலை நேரத்தில் ஆட்கள் நிற்கும்போதே ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். பழவந்தாங்கலில் ஏறி அந்த பிளாட்பாரத்தைத் தினமும் கடந்து போனவன் நான். துரத்துகிற ஆணுக்கு நம் ஊர் விசில் அடித்திருக்கிறது, துரத்தப்படுகிற ஆணைப் பார்த்துச் சிரிக்கிறது. இரண்டு இடத்திலும் மாட்டிக்கொண்டவர் சொல்வது காதில் விழுவதில்லை.

கடைசியில் அவளுடைய அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் வெகுநேரம் அழுதார். முன்பும் ஒரு தடவை இப்படி ஆகியிருக்கிறது, வெளியே சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று மூடிவிட்டார்கள். ஊருக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்தார்கள். இப்போது வேலைக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நிஜமாகவே மனசு நிறைந்தது.

அதனால்தான் உன் முடிவு எனக்கு ஒப்பவில்லை. அவள் சாகிறாள், எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். கல்யாணமான ஒருவனை விடாமல் துரத்துகிற பெண்ணைப் பற்றி 1987-ல் வந்த ஃபேட்டல் அட்ராக்‌ஷன் படத்துக்கும் முதலில் வேறு முடிவுதான் எடுத்திருந்தார்கள். முன்னோட்டம் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று, அவன் மனைவி கையாலேயே அந்தப் பெண்ணைச் சுட வைத்துத் திரும்ப எடுத்தார்கள். அந்த வேஷத்தில் நடித்த க்ளென் குளோஸ் அதை எதிர்த்தார். அந்தப் பக்கம் நீயும் போகாதே. "செத்துருவேன்" என்பதை நாலு இடத்தில் சிரிப்பு வசனமாக வைத்திருக்கிறாய், நாலையும் எடுத்துவிடு. மண்டப வாசலில் 14416 என்று ஒரு தட்டி எழுதி வை. மனநல உதவிக்கான அரசு எண், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அன்றைக்கு என் கையில் அப்படி ஓர் எண் இல்லை.

பையனின் கூட்டாளிகளாக மூன்று பேர் வருகிறார்களே, அவர்களை இன்னும் பெரிதாக எழுது. சிரிப்பெல்லாம் அவர்களிடமிருந்து வரட்டும். முருங்கைக்கீரைக் காலையை அப்படியே எடுத்துக்கொள், உனக்குத்தான் தருகிறேன். அம்மா இன்றுவரை கீரை வாங்கினால் என்னை உதவிக்குக் கூப்பிடுவதில்லை. தனியாக உட்கார்ந்து ஆய்ந்துவிடுகிறாள்.

ஒத்திகை எப்போது? அம்மாவின் கண் சரியானதும் மதுரைக்கு வந்து நாலு நாள் இருக்கிறேன். அந்தப் பெண் வேஷத்துக்கு யாரைப் போடுகிறாய் என்று எழுது. யாராக இருந்தாலும், முழியை உருட்டிப் பயமுறுத்த வேண்டாம் என்று சொல். காபி போடட்டுமா என்று கேட்கிற இடத்தில் அவள் குரலில் அன்பு மட்டும்தான் இருந்தது. அப்படியே கேட்கச் சொல்.

உன்,
பாஸ்கர்